முழுமைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

ஆடி அமாவாசைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, திருவரங்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த பயிலரங்குக்குப் போயிருந்தேன். உடல்நலம், மனநலம், இயற்கை நலம் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் வாழ்க்கைப் பார்வையை வளர்த்துக்கொள்வது எப்படி என்பது தலைப்பு. தரையில் பாய் விரித்திருந்தார்கள். குடிக்கக் கம்பங்கூழ் கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி நடந்தது. நாம் வேறு, ஆறு வேறு அல்ல, காவிரியின் நலம்தான் நம் நலம் என்று நடத்துநர் பேசினார். அவர் சொன்னதில் பெரும்பகுதியை நான் மறுக்க மாட்டேன். இயற்கையை வெறும் கச்சாப்பொருளாகப் பார்த்ததன் விளைவை இந்த ஊரில் நாமெல்லோரும் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பயிலரங்கு முடிந்ததும் எல்லோரும் அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்தோம். ஆற்றைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் அமைதியாக நிற்க வேண்டும் என்பது நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி. படித்துறையில் ஏழெட்டுத் தூய்மைப் பணியாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அமாவாசையன்று திதி கொடுத்தவர்கள் ஆற்றில் விட்டுப்போன வேட்டி, சேலை, மாலை, பிளாஸ்டிக் பை, உடைந்த மண்கலயம் எல்லாம் சேறோடு சேர்ந்து படிகளுக்குக் கீழே மண்டிக் கிடந்தன. நீரில் ஊறிய துணி எவ்வளவு கனக்கும் என்பது இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் குழு அவர்களைத் தாண்டி, கொஞ்சம் சுத்தமாக இருந்த பக்கத்தில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டது.

என்னால் மூட முடியவில்லை. என் பெரியம்மா இதே நகரத்தில் இதே வேலையைச் செய்கிறவர். ஒப்பந்தத் தொழிலாளி. அன்று அங்கே அவர் இல்லை. ஆனால் அந்த இடத்தில் இருந்த எல்லோரும் ஏறக்குறைய அவர்தான்.

காலை முழுக்க மரத்தைப் பற்றி, மண்புழுவைப் பற்றி, நுண்ணுயிரிகளைப் பற்றிக்கூடப் பேசினோம். எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை என்றோம். அந்தப் பின்னலில் படித்துறையில் நின்ற அந்த ஏழெட்டுப் பேர் ஒருமுறைகூட வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

முதலில் நம் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சூழலியல், மனநலம், முழுமைப் பார்வை என்று யாராவது பேச ஆரம்பித்தால், அது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். இது தவறு. வெயில் கூடினால் முதலில் சுருண்டு விழுவது தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள். ஆறு கெட்டால் முதலில் நோய் வருவது வாங்கிக் குடிக்கக் காசில்லாதவர்களுக்கு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் உலகப் பார்வை யாருக்காவது அவசரமாகத் தேவை என்றால் அது நமக்குத்தான். ஆனால் கைக்குக் கிடைக்கிற முழுமையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஆங்கிலத்தில் இன்று எல்லோரும் சொல்கிற 'ஹோலிஸம்' என்ற சொல்லை உருவாக்கியவர் யான் ஸ்மட்ஸ். 1926இல் வெளிவந்த தன் நூலில் அவர் அதை முன்வைத்தார். பகுதிகளின் கூட்டுத்தொகையைவிட முழுமை பெரியது, இயற்கை தன்னை மேலும் மேலும் முழுமைகளாகக் கட்டிக்கொண்டே போகிறது என்பது அவர் வாதம். செடி கொடிகளை நேசித்தவர், மலையேறியவர். அவரே தென்னாப்பிரிக்காவின் பிரதமராக இரண்டு முறை இருந்தவர்; இனப்பாகுபாட்டை ஆதரித்தவர். இந்திய வம்சாவளியினர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்திய 1946ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய ஆட்சியில்தான் வந்தது. முழுமையைப் பற்றிப் பேசிய அதே வாய் மனிதர்களைப் பிரித்து வைப்பதையும் நியாயப்படுத்தியது. இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் முழுமை என்றால் எல்லோரும் சமம் என்று பொருளில்லை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருப்பதும் முழுமைதான்.

நமக்கு இது புதிதா? ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள புருஷ சூக்தம் பிரபஞ்சத்தையே ஓர் உடலாகக் காட்டுகிறது. நிலவும் சூரியனும் காற்றும் அந்த உடலிலிருந்து வந்தவை. அதே உடலின் வாய் பார்ப்பனர், தோள் அரசர், தொடை வைசியர், பாதம் சூத்திரர். இதைவிடச் சூழலோடு இயைந்த ஒரு சமூகக் கோட்பாடு இருக்க முடியுமா? வானமும் மனிதரும் ஒரே உடம்பு. ஆனால் யார் தலை, யார் கால் என்பது பிறக்கும் முன்பே முடிவாகிவிட்டது. நாமோ அந்த உடம்பில் கால் விரலாகக்கூட இல்லை. பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1966இல் சாதியைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், மேற்கத்தியச் சமூகம் தனிமனிதரை மையமாகக் கொண்டது, சாதிச் சமூகமோ முழுமையை மையமாகக் கொண்டது என்று விளக்கினார். அவர் சாதியைக் கீழிருந்து பார்க்கத் தவறினார் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் ஓர் உண்மையை அவர் தன்னை அறியாமலே சொல்லிவிட்டார்: சாதி என்பது முழுமையின் பெயரால் நடத்தப்படும் ஏற்பாடு.

எனவே 'முழுமைப் பார்வை' என்று யார் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த முழுமையில் எனக்கு என்ன இடம்? அதை ஒதுக்கியது யார்?

இரண்டாவது கேள்வி சுத்தம் பற்றியது. மாசு என்பது அளந்து பார்க்கக்கூடியது. நீரில் எவ்வளவு மலக்கழிவு, எவ்வளவு வேதிப்பொருள் என்று சோதித்துச் சொல்லலாம். தீட்டு அப்படியல்ல. அது தொட்டவர் யார் என்பதைப் பொறுத்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதன்பின் சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? பானை பானையாகச் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து குளத்தில் ஊற்றி 'தூய்மை' செய்தார்கள். குடிக்கும் நீரில் சாணத்தைக் கலப்பது சுத்தம். மனிதர் கைபட்டால் அசுத்தம். தீட்டுக் கணக்குப் பார்க்கிற ஒரு சமூகம் மாசுக் கணக்கை ஒழுங்காகப் பார்க்கவே முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

காவிரிக்கும் இதேதான் நடக்கிறது. காவிரி தாய், புனித நதி, எல்லாப் பாவத்தையும் கழுவுகிறவள். பாவத்தையே கழுவுகிறவளை ஒரு வேட்டி என்ன செய்துவிடும்? அந்த நம்பிக்கையில்தான் துணி ஆற்றில் விழுகிறது. சோழர் காலத்தில் வெட்டப்பட்ட உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சி நகருக்குள் நுழைந்ததும் சாக்கடையைச் சுமக்கத் தொடங்குகிறது. அதைப் புனிதம் காப்பாற்றவில்லை. புனிதப்படுத்துவதும் பாதுகாப்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவதற்கு மந்திரம் போதும். இரண்டாவதற்குக் கழிவுநீர்க் குழாய், சுத்திகரிப்பு நிலையம், சம்பளம் ஆகியவை வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். துணி போடுகிறவர்கள் எல்லோரும் உயர்சாதியினரா? நம் ஆட்களும் திதி கொடுக்கிறார்களே? உண்மைதான். என் சொந்தத்திலேயே அமாவாசைக்கு அம்மா மண்டபம் போகிறவர்கள் உண்டு. குப்பை போடுவதில் சாதி வேறுபாடு அதிகம் இல்லை. அள்ளுவதில்தான் இருக்கிறது. போடுகிற கை மாறிக்கொண்டே இருக்கும். எடுக்கிற கை மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறாது. சாதி அந்த மாறாமையில் இருக்கிறது.

பக்கத்து மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. குழந்தைகள் உடல்நலம் கெட்டு மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தொட்டியைப் பார்த்தார்கள். ஈராண்டு விசாரணைக்குப் பின் 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. இது சாதி வழக்கு என்று நாம் சரியாகவே சொன்னோம். அது ஒரு சூழலியல் வழக்கும்கூட என்று எத்தனை பேர் சொன்னோம்? ஆறுகளைக் காக்கப் பேரணி போகிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தொட்டிக்கு வந்தார்கள்? நீர் என்றால் அவர்களுக்கு நதி. நமக்கு அது தொட்டி, குழாய், குடம். இரண்டும் ஒரே நீர்தான்.

இனி எங்கள் நகரத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் தூய்மை நகரங்கள் பட்டியலில் மைசூரு, சண்டிகருக்கு அடுத்து மூன்றாம் இடம் திருச்சிக்குக் கிடைத்தது. ஊரெல்லாம் பெருமைப்பட்டது. பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் நகரத்தின் குப்பை மறைந்துவிடவில்லை, அரியமங்கலத்துக்குப் போனது. சுமார் 47 ஏக்கர் பரப்பில் மலையாகக் குவிந்த அந்தக் கிடங்கில் அடிக்கடி தீப்பிடிக்கும். புகை சுற்றியுள்ள வீடுகளுக்குள் போகும். பிறகு அகழ்ந்து பிரித்து அகற்றும் பணி தொடங்கியது, நல்லதுதான். ஆனால் அத்தனை ஆண்டுகள் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் தில்லை நகரிலோ திருவரங்கத்தின் சித்திரை வீதிகளிலோ குடியிருந்தவர்கள் அல்ல. ஒரு நகரம் சுத்தமாக இருக்கிறது என்றால், அதன் அழுக்கு எங்கோ ஒரு முகவரியில் இருக்கிறது என்று பொருள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. பாதாளச் சாக்கடையில் 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்துச் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தபோது, நள்ளிரவில் அவர்களை அள்ளிக்கொண்டு போய் அப்புறப்படுத்தினார்கள். அது சம்பளப் போராட்டம் மட்டுமா? ஒரு பெருநகரத்தின் சுற்றுச்சூழலை யார், எந்த நிபந்தனையில் காப்பது என்ற போராட்டம் அது. சூழலியல் மேடைகளில் அதற்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

அன்று மாலை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பயிலரங்கில் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். மூச்சுப் பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது சிரித்தார்.

"நல்லா இழுத்து விடச் சொன்னாங்களா பாப்பா? நாங்க வேலை செய்யிற இடத்துல மூச்சை இழுக்காம இருக்கத்தான் பழகியிருக்கோம். வந்த புதுசுல எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்ததே அதான்."

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"முட்டி வலிக்குது. ராத்திரி இருமல். ஒரு நாள் போகலைன்னா ஒரு நாள் சம்பளம் இல்ல. நீ ஏதோ மனசு அமைதின்னு சொன்னியே, வேலை நிரந்தரம்னு ஒரு காயிதம் குடுத்தா அது தானா வரும்."

மூச்சுப் பயிற்சியை நான் கேலி செய்யவில்லை. எனக்கே அது உதவுகிறது. ஆய்வேட்டின் நெருக்கடியில் தூக்கம் வராத இரவுகளில் செய்திருக்கிறேன். ஆனால் பெரியம்மா சொன்னதில் ஒரு தத்துவம் இருக்கிறது. நலம் என்பது உள்ளே போய்த் தேடி எடுக்கிற பொருளாக மட்டும் இருந்தால், அவருடைய இருமலுக்கு அவரே பொறுப்பாகிவிடுவார். அவருடைய மூச்சு அவருக்குள் மட்டும் நடப்பதல்ல. ஒப்பந்தப் பத்திரமும் கையுறையும் நேற்று யாரோ பிரிக்காமல் கொட்டிய குப்பையும் சேர்ந்துதான் அவர் மூச்சு. எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை என்ற வாக்கியத்தை உண்மையாக நம்புகிறவர் இதையும் நம்பியாக வேண்டும்.

காவிரிக் கரையில் நின்றுகொண்டிருக்கும்போது எனக்குத் திருப்பாணாழ்வார் கதை நினைவுக்கு வந்தது. எங்கள் உறையூர்க்காரர், பாணர் குடியில் வளர்ந்தவர் என்பது வைணவ மரபு. அரங்கத்தீவில் கால் வைக்கக் கூடாதென்று ஆற்றின் தென்கரையில் நின்றே பாடிக்கொண்டிருந்தாராம். அரங்கனின் திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர், வழிவிடச் சொல்லியும் அவர் பாட்டில் மூழ்கி நகராததால் கல்லை எறிந்தாராம். நெற்றியில் ரத்தம். பிறகு அரங்கனே கனவில் வந்து கட்டளையிட, லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனாராம். பாசுரம் பாடி இறைவனோடு கலந்துவிட்டாராம். சமத்துவத்துக்குச் சான்றாக இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். கல் விழுந்தது தண்ணீர் எடுக்கும் இடத்தில். அவர் தன் காலால் நடந்து உள்ளே போகவில்லை. அவர் பாதம் அந்த மண்ணில் படவே இல்லை. உள்ளே போனவர் திரும்பியும் வரவில்லை. முழுமையோடு கலந்துவிட்டார். கலந்துவிடுகிறவர் கேள்வி கேட்க மாட்டார். உறையூரில் இருந்த மற்றப் பாணர்களுக்குப் படித்துறை திறந்ததா என்று அந்தக் கதை சொல்வதில்லை.

நமக்குத் தேவை கலந்து கரைவதல்ல, காலால் நடந்து போய் நிற்பது. அதற்கு நம்மிடம் வேறொரு மரபு இருக்கிறது. எதுவும் தானாக, தனியாகத் தோன்றுவதில்லை, ஒவ்வொன்றும் காரணங்களைச் சார்ந்தே தோன்றுகிறது என்றார் புத்தர். இதுவும் எல்லாவற்றையும் இணைத்துப் பார்க்கும் பார்வைதான். ஆனால் இதில் தலையும் இல்லை, பாதமும் இல்லை. துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்கினால் துன்பம் நீங்கும் என்பது இதன் முடிவு. அம்பேத்கர் தன் கடைசிப் பெருநூலான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இதை மேலும் கூர்மையாக்கினார். ஒருவர் மட்டும் தனித்து வாழ்ந்தால் தம்மத்துக்கே தேவையில்லை, இருவர் சேர்ந்து வாழும்போதுதான் அது தேவைப்படுகிறது என்பது அவர் விளக்கம். அதாவது தம்மம் நமக்குள் இருப்பதல்ல, நமக்கிடையில் இருப்பது. அப்படியென்றால் தனிமனித நலமும் நமக்கிடையில்தான் இருக்கிறது. இங்கே நூறு ஆண்டுகளுக்கும் முன்பே அயோத்திதாசர் பௌத்தத்தை நம் மண்ணின் அறமாக மீட்டெடுக்க முனைந்ததும் இந்தத் தேவையிலிருந்துதான்.

உலகில் மற்ற ஒடுக்கப்பட்டவர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1968இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் பகுதியில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து புதைத்ததை எதிர்த்து மக்கள் லாரிகளின் முன்னால் சாலையில் படுத்தார்கள். சுற்றுச்சூழல் நீதி இயக்கம் அங்கே பரவலாக வேர்பிடித்தது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான். இந்தியாவில் சாதியையும் இயற்கையையும் சேர்த்துப் பார்த்து முகுல் சர்மா 2017இல் ஒரு முழு நூலே எழுதினார். நம் சூழலியல் இயக்கங்கள் அதை இன்னும் சரியாக உள்வாங்கவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? திருச்சியிலிருந்து தொடங்கக்கூடிய நான்கைச் சொல்கிறேன்.

ஒன்று, காவிரியைக் காக்க எந்தக் குழு அமைந்தாலும் அதில் படித்துறைத் தொழிலாளர்கள் உறுப்பினர்களாக உட்கார வேண்டும். எந்த மாதத்தில் எந்தப் படியில் என்ன மிதக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அது அனுபவ அறிவு, ஆய்வாளர்களாகிய எங்களிடம் இல்லாதது.

இரண்டு, ஆடிப்பெருக்குக்கும் அமாவாசைக்கும் ஆற்றில் துணி விடுகிறவர்களிடம் பேச வேண்டும். முதலில் நம் வீட்டாரிடம். இறந்தவர் நினைவாக ஒரு மரக்கன்று நடலாம், ஒரு பிள்ளைக்குப் பாடநூல் வாங்கிக் கொடுக்கலாம்.

மூன்று, பணி நிரந்தரம், இயந்திரம், பாதுகாப்புக் கருவி, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைச் சூழலியல் கோரிக்கைகளாகவே முன்வைக்க வேண்டும். குப்பையைப் பிரித்துக் கொடுப்பதும் பக்கத்து மனிதரின் கைக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நான்கு, நம் இயக்கங்கள் உடல்நலத்தையும் மனநலத்தையும் வெட்கப்படாமல் பேச வேண்டும். களத்தில் இரவு பகலாக ஓடி உடம்பு உடைந்துபோன தோழர்களை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓய்வும் நடையும் நல்ல சோறும் ஆற்றங்கரைக் காற்றும் நம் உரிமைகள். அவற்றை இன்னொருவரின் முகாமில் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்ளும் நிலையில் நாம் இருக்க வேண்டியதில்லை.

அந்தப் பயிலரங்கு நடத்துநருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கோபமாக எழுதவில்லை. அடுத்த முறை ஆற்றைப் பார்க்க மக்களை அழைத்து வரும்போது, கண்ணை மூடச் சொல்வதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் முதலில் பேசச் சொல்லுங்கள், அவர்கள் ஒப்புக்கொண்டால் கையுறை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கூட நின்று துணி இழுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் பெரியம்மாவையும் அழைத்துப் போவேன், வேலைக்கு அல்ல. பாய் விரித்த அந்த மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, மூச்சைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை அவர் சொல்ல வேண்டும். முழுமை அங்கிருந்து தொடங்கட்டும்.